திரும்பிப் போகும் எண்ணம் இல்லை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக இந்த நகரத்துக் கட்டடங்களில் ஏறி இறங்குகிறார். "ஊரையே மேல ஏத்தி விடுறீங்க, நாம மட்டும் அதே மாடியிலதான் நிக்கிறோம்" என்று நான் குத்திக்காட்டினால் சிரித்துக்கொள்வார். மோட்டார் அறைகளின் இரைச்சலில் அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. யாராவது பேசினால் வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்பார். பிடிக்காத பேச்சு என்றால் இடது காதைத் திருப்பிக்கொள்வார். பீரோ வாங்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தால் எனக்கு எப்போதும் இடது காதுதான்.

லிஃப்டுக்குள் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டியிருக்கும். என்றைக்குச் சோதித்தார்கள் என்ற தேதியும் சோதித்தவர் கையெழுத்தும் அதில் இருக்கும். ஏறுகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதைப் படிப்பதில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று மற்ற மெக்கானிக்குகள் கீழ்த்தளத்திலேயே டீயைக் குடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பார். முதலில் காலியாக, அப்புறம் மணல் மூட்டைகளை ஏற்றி, கடைசியில் தான் மட்டும் ஏறி. அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வரும். கம்பெனியில் இவருக்கு 'மூணு தடவை' என்றே பெயர். வீட்டுக்கு போன் செய்கிறவர்கள்கூட "மூணு தடவை இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம். கல்யாணமான மூன்றாவது மாதம் இங்கே வந்தோம். இரண்டு வருடம் சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றார். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. அங்கே அவருடைய அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஓர் அறை இவருக்கென்று இருக்கிறது. அதன் சாவி இவருடைய சாவிக்கொத்தில், லிஃப்ட் மோட்டார் அறைச் சாவிகளோடு தொங்கும்.

திரும்பிப் போகப்போகிறோம் என்பதால் எங்கள் வீட்டில் மடங்காத பொருள் எதுவும் கிடையாது. மடக்குக் கட்டில், மடக்கு மேசை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய நாற்காலிகள். டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிகளெல்லாம் உள்ளே இருந்த தெர்மகோலோடு பரணில் பத்திரமாக இருக்கின்றன. மூன்று வீடு மாறியபோதும் காலிப் பெட்டிகளுக்குத் தனியாக ஒரு நடை ஆட்டோ வைத்திருக்கிறோம். பழைய டிவி ரிப்பேராகி அதை எடைக்குப் போட்டாயிற்று, அதன் பெட்டி மட்டும் போகவில்லை. பீரோ கேட்டால், "அதை யாரு அவ்வளவு தூரம் லாரியில ஏத்துறது?" என்பார். நான் ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊரார் படுத்த படுக்கை விரிப்புகளை மடித்து அலமாரியில் அடுக்குகிறேன். என் சொந்தப் புடவையைக் கட்டிலுக்கடியில் இருக்கும் சூட்கேஸிலிருந்து, ரயிலுக்குக் காத்திருப்பவளைப் போல எடுத்துக் கட்டிக்கொண்டு போகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டு வருடமும் இங்கேயே பள்ளிக்கூடம். பதினெட்டு வயதாகியும் இவருக்கு அவள் பாப்பாதான். காது கேட்காதவர்களுக்கும் பேச்சு வராத குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. அதைத்தான் படிப்பேன் என்றாள். அப்பாவின் காதுதான் காரணமா என்று கேட்டேன். "உங்க சண்டைதான் காரணம். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்கவே மாட்டேங்குது" என்றாள். அந்தப் படிப்பு இந்த மாநிலத்தில் ஒரே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். மார்க் இருந்தது, விண்ணப்பித்தோம், இடமும் கிடைத்தது.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. மாணவி வெளிமாநிலத்தவர் என்பதால் கட்டணம் மூன்று மடங்கு. உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. ஒரு வருடக் கட்டணம் என் பதினாலு மாதச் சம்பளத்துக்கு வந்தது.

கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பாப்பா தன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு போனை அவள் அப்பாவிடம் நீட்டினாள். விண்ணப்பத்தை நிரப்பியது அவர்தான். அரசாங்கக் காகிதம் என்றால் பெற்றவன்தான் எழுத வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று தடவை சரிபார்த்து எழுதியிருந்தார். 'தற்போதைய முகவரி' என்ற கட்டத்தில் எங்கள் வாடகை வீடு. 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் டயர் கடை மாடி.

"ஏங்க இப்படி எழுதினீங்க?" என்றேன்.

"வாடகை வீட்டை எப்படி நிரந்தரம்னு எழுதுறது? நாளைக்கே காலி பண்ணச் சொன்னா?"

"பத்தொன்பது வருஷமா இங்கதானே இருக்கோம்."

"இருக்கோம். ஆனா கேட்டது நிரந்தரம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. நான் எழுதியிருந்தாலும் ஒருவேளை அதையேதான் எழுதியிருப்பேன். அந்தக் கட்டத்தைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கை தானாகச் சொந்த ஊருக்குப் போய்விடும்.

அடுத்த ஒரு வாரம் மடக்கு மேசை மடங்கவே இல்லை. பாப்பா மூன்று பல்கலைக்கழகங்களின் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே வெளிமாநிலம் என்கிறார்களே, எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமே என்று விசாரித்தாள். அங்கே அப்பாவின் முகவரியைப் பார்ப்பதில்லையாம், பிள்ளை எங்கே பள்ளியில் படித்தது என்று பார்ப்பார்களாம். ஆக அங்கேயும் அவள் வெளிமாநிலம். "ரெண்டு பக்கமும் என்னை வேணாங்கறாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்றாவதாக, இன்னும் தொலைவில் வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகம். நல்ல மார்க் வாங்கிய வெளிமாநிலப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், முதல் வருடத்துக்கு மட்டும் என்றும், அதன் பிறகு மார்க் குறையாமல் இருந்து நிதியும் இருக்கும் பட்சத்தில் தொடரும் என்றும் இருந்தது. விடுதி, சாப்பாடு, போகவர ரயில் செலவு எல்லாம் சேர்த்தால் தள்ளுபடி போன இடமே தெரியவில்லை. "நிதி இருக்கும் பட்சத்தில்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள். "நம்ம வீட்டுல பீரோ வாங்குற மாதிரி" என்றேன். இவர் இடது காதைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் மறுபரிசீலனை என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. முடிவை எதிர்த்து இருபத்தொரு நாளுக்குள் மனுப் போடலாம். நாங்கள் இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். நான்காம் கவுன்ட்டரில் ஓர் அம்மா இருந்தார். முத்திரை குத்திக் குத்தியோ என்னவோ வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். காலையிலிருந்து எங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்தாரோ, குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"பொண்ணு இங்கதாங்க பிறந்தா. படிச்சதும் இங்கதான்" என்றேன்.

"அது கணக்குல வராதும்மா. அப்பா எந்த மாநிலத்து ஆளுன்னுதான் பார்ப்போம்." இவரைப் பார்த்துக் கேட்டார்: "ஓட்டு எங்க போடுறீங்க சார்?"

"அங்கதாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடிகூட பஸ் ஏறிப் போய்ப் போட்டுட்டு வந்தேன்" என்றார் பெருமையாக. நான் அவர் காலை மிதித்தேன். லேட்டாக மிதித்துவிட்டேன்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டார். "சார், ஒரு ஆளுக்கு ஒரு மாநிலம்தான். ஓட்டை இங்க மாத்த எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிட்டு வாங்க. கம்பெனி லெட்டர், வாடகை ரசீது, கரன்ட் பில் வைங்க. அப்புறம் இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடுங்க. இது இல்லாம மத்த எதுவும் செல்லாது." ஒரு தாளை நகர்த்தினார். வாசகம் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. இந்த மாநிலமே எனது நிலையான வசிப்பிடம், வேறெங்கும் திரும்பிப் போய் வசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, இது உண்மையென உறுதி கூறுகிறேன்.

இவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனா வெளியே வரவில்லை. "வீட்டுல வச்சுப் பார்த்துட்டுக் கொண்டு வர்றேங்க" என்று நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்றதெல்லாம் ஐந்து நாளில் சேர்ந்துவிட்டது. ஓட்டை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று மட்டும் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். ஆனால் உறுதிமொழித் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. காலையில் அழுக்குச் சட்டையிலிருந்து எடுத்துச் சலவைச் சட்டைக்கு மாற்றுவார், அவ்வளவுதான். தெருமுனை செல்போன் கடையில் ஆள் தேவை என்று போர்டு வைத்திருந்தார்கள், பாப்பா அங்கே போய்ச் சம்பளம் விசாரித்துவிட்டு வந்தாள். "ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் பார்க்கலாம்மா" என்றாள். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்ட அப்புறம் என்று எனக்குத் தெரியும், அதற்குள்தான் நான் பத்தொன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கையெழுத்துப் போட என்ன வலிக்குது உங்களுக்கு?"

"பொய்யாயிடுமே."

"என்ன பொய்?"

"திரும்பிப் போற எண்ணம் இருக்கே."

"எப்பப் போகப்போறீங்க?"

"போகணும்."

"அதான், எப்ப?"

தலை மெல்லத் திரும்பி இடது காது என் பக்கம் வந்தது. நான் எழுந்து போய் அவருடைய வலது பக்கத்தில் நின்றுகொண்டேன். "பாப்பா செல்போன் கடையில நிக்கப்போறா. உங்களுக்கு எண்ணம் பெருசாப் போச்சு. ஒரு நாளாவது இந்த ஊரை நம்ம ஊருன்னு சொல்லியிருக்கீங்களா? யாரு கேட்டாலும் 'பொழைக்க வந்த இடம்'. என் மக பிறந்த இடங்க இது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுவது எனக்கே பிடிக்கவில்லை. அடுக்களைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

மறுநாள் அவர் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். எதற்குப் போகிறார் என்று சொல்லவில்லை. அண்ணனிடம் கடன் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். டயர் கடை ஓடுகிற லட்சணத்துக்கு அங்கே என்ன கிடைக்கும் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் என்ன சொன்னாரு?" என்றேன்.

"அண்ணனைப் பார்க்கப் போகல. அறையைப் பார்க்கப் போனேன்."

"அறையில என்ன?"

"எண்ணம் இருக்கா இல்லையான்னு சோதிச்சுப் பார்க்க வேணாமா? பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மனுஷனை என்னதான் செய்வது என்று ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம்.

"அறை அப்படியே சுத்தமா இருக்கு. வாரம் ஒரு தடவை அண்ணனே கூட்டி வைக்கிறாராம். பாயைக்கூட வெயில்ல போட்டு எடுத்து வச்சிருக்காரு." சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்தப் பாயில போய் உட்கார்ந்தேன். போகணும்தான் தோணுச்சு. ராத்திரி மறுபடி உட்கார்ந்தேன், அப்பவும் அப்படித்தான். மறுநாள் கடைத்தெருப் பக்கம் நடந்தேன். எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. டீ வாங்கிக் கொடுத்தாங்க. ஆனா பார்த்தவங்க எல்லாம் ஒரே கேள்வி. எப்ப வந்தே, எப்பக் கிளம்புறே."

"எல்லாரும் கேக்குறதுதானே அது?"

"நானும் அப்படித்தான் இத்தனை வருஷமா நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, நானும் தேதி சொல்லுவேன். இந்தத் தடவைதான் காதுல விழுந்துச்சு. இங்கயே இருந்துடேன்னு ஒருத்தரும் சொல்லல. அண்ணன்கூட. 'பஸ் எத்தனை மணிக்கு, சோறு கட்டித் தரவா'ன்னு கேட்டாரு. பாசமாத்தான் கேட்டாரு." சாவிக்கொத்தைப் புரட்டினார். "அப்புறம் மூணாவது தடவை போய் உட்கார்ந்து பார்த்தேன்."

"என்ன தோணுச்சு?"

"ஒண்ணும் தோணல. மணி பார்த்தேன், பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு."

சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழியப் பார்த்தது. மடக்கு மேசையில் வைத்து நீவிவிட்டு, பேனாவை எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் அட்டையில் போடுகிற அதே கையெழுத்து. "இந்தா, காயட்டும்" என்று என்னிடம் கொடுத்தார். அப்புறம் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு லேட்டாகப் போய், அன்றைக்கு முழுக்க விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடித்துக்கொண்டிருந்தேன்.

கெடுவுக்கு நாலு நாள் முன்பே மனுவைக் கொடுத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மாணவி இந்த மாநிலத்தவர் என ஏற்கப்பட்டது. கட்டணம் மூன்றில் ஒரு பங்கு, உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பாப்பா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கடைசி வரியைப் படித்தாள். இந்த மாற்றம் அடுத்த பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும். முதல் பருவத்துக்கு வெளிமாநிலக் கட்டணமே செலுத்த வேண்டும்.

என் வளையல்கள் போயின. இவர் கம்பெனியில் முன்பணம் கேட்டார். வாரக் கடைசி அவசர அழைப்புகளையெல்லாம் மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு பருவம், ஆறு மாதம்தானே என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டோம். பீரோ பேச்சை நான் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே பரணிலிருந்து பழைய டிவி பெட்டியை இறக்கித் தட்டையாக்கி, பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு வந்தார். என்ன கொடுத்தார் என்று கேட்டேன். "ஒரு டீ குடிச்சேன்" என்றார். மற்ற பெட்டிகள் பரணிலேயே இருக்கின்றன.

கட்டணம் கட்டும் நாளன்று மூவரும் போனோம். முற்றத்தில் இரண்டு வரிசை. உள்மாநிலம் என்று எழுதிய பலகைக்குக் கீழே நீண்ட வரிசை. வெளிமாநிலம் என்ற பலகைக்குக் கீழே இருபது பேர், எல்லார் காலடியிலும் பயணப் பை. பையில்லாமல் அந்த வரிசையில் நின்றவர்கள் நாங்கள் மட்டும்தான். இவர் கையில் பேங்கில் எடுத்த டிராஃப்டும் முடிவுக் கடிதமும் இருந்தன. யாரும் கேட்காமலேயே கடிதத்தை மேலே வைத்துப் பிடித்திருந்தார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் மகனோடு வந்திருந்தார். பஸ்ஸில் தூங்காத முகம். கட்டணம், விடுதி, எந்த பேங்கில் கடன் கொடுப்பார்கள் என்று வரிசையில் எல்லாரிடமும் விசாரித்தபடி இருந்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

அவர் நின்றது இவருடைய வலது பக்கம், நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம். இருந்தும் இவர், "என்ன கேட்டீங்க?" என்றார்.

"எந்த ஊருன்னு கேட்டேன்."

"இந்த ஊர்தாங்க."

இந்த வார்த்தையைக் கேட்க நான் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன்.

அந்த மனிதர் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். "அப்புறம் ஏன் இந்த வரிசையில நிக்கிறீங்க?"

"அடுத்த பருவத்துல இருந்துதாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.